ஒரு பெயருக்குள் இரண்டு நோய்கள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்ற ஒரே பெயரில் இரண்டு தனி நோய்களைச் சேர்த்துப் பேசிவருகிறோம் என்பது என் கருத்து. குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் தட்டையான செல்களில் தோன்றுவது செதிள்செல் வகை. புகையிலை, மது, வெற்றிலைபாக்கு ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. இந்தியாவிலும் சீனாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பெரும்பான்மை இதுவே. மற்றது அடினோகார்சினோமா எனும் சுரப்பி வகை. இரைப்பை அமிலம் பல்லாண்டுகளாக மேலேறி வந்து குழாயின் கீழ்முனையைப் புண்ணாக்க, அங்குள்ள படலம் குடலின் படலத்தைப் போல உருமாறுகிறது. பாரெட் உணவுக்குழாய் எனப்படும் அந்த மாற்றத்திலிருந்து, மிகச் சிலருக்கு மட்டும், இந்த நோய் முளைக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதுவே அதிகம்.

நுண்ணோக்கியில் தெரிந்த இந்த வேறுபாடு மரபணுவரை இறங்குகிறது என்பதை 2017இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் காட்டியது. 164 கட்டிகளை அலசியதில், செதிள்செல் கட்டிகளில் சிசிஎன்டி1, சாக்ஸ்2, டிபி63 மரபணுக்கள் பல படிகளாகப் பெருகியிருந்தது அடிக்கடி தென்பட்டது. சுரப்பிக் கட்டிகளில் ஹெர்2, காட்டா4, காட்டா6 பெருகியிருந்தன. எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. செதிள்செல் வகை, அதே குழாயில் வளரும் சுரப்பி வகையைவிட வாய், தொண்டைப் புற்றுநோய்களையே அதிகம் ஒத்திருந்தது. சுரப்பி வகையோ, குரோமோசோம்கள் நிலைகுலைந்த ஒருவகை இரைப்பைப் புற்றுநோயோடு நெருங்கி நின்றது. டிபி53 என்ற காவல் மரபணு இரண்டிலுமே பழுதாகியிருக்கிறதே, வேர் ஒன்றுதானே என்று கேட்கலாம். நுரையீரல், சினைப்பை, பெருங்குடல் புற்றுநோய்களிலும்தான் அது பழுதாகிறது. அதனால் அவற்றை ஒரே நோய் என்று யாரும் சொல்வதில்லை.

அறுப்பது ஒரே குழாயை, பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது இதைவிட வலுவான கேள்வி. நெதர்லாந்தின் கிராஸ் ஆய்வில், அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 48.6 மாதம், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களுக்கு 24. வகை பிரித்தால் படம் மாறிவிடுகிறது. சுரப்பி வகையில் 27.1 மாதம் 43.2 ஆனது, செதிள்செல் வகையிலோ 21.1 மாதம் 81.6 ஆகவே உயர்ந்தது. பங்கேற்றவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் சுரப்பி வகையினர் என்பதால், ஒட்டுமொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குச் செதிள்செல் வகையினரின் இந்தப் பெரிய ஆதாயம் கண்ணிலேயே படாது. பின்னர் ஜெர்மனியின் ஈசோபெக் ஆய்வு சுரப்பி வகையினரை மட்டும் சேர்த்துக்கொண்டது. 2024இல் வந்த அதன் முடிவுப்படி, அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 66 மாதம், கிராஸ் முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 37. சிகிச்சைப் பலனில் வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு முழுக்க மரபணுவால் வந்தது என்று இவ்வெண்கள் நிறுவவில்லை. ஆனால் ஒரு வகைக்குச் சிறந்த சிகிச்சையை மற்றதற்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பதை நிறுவப் போதுமானவை.

செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தாலே பெரும்பாலும் வகை தெரிந்துவிடும். சுரப்பி வகையானால், அதே துணுக்கில் சாயமேற்றி ஹெர்2 மிகுதியையும் கண்டறியலாம். மேலைநாட்டு ஆய்வொன்றை இந்திய நோயாளிக்குப் பொருத்துமுன், அதில் செதிள்செல் வகையினர் எத்தனை பேர், அவர்களுக்கான முடிவு தனியே தரப்பட்டிருக்கிறதா என்பதை மருத்துவக் குழு முதலில் பார்க்க வேண்டும்.