ஓரணாவுக்கு ஆறேகால் பைசா

1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாயின் மதிப்பு மாறவில்லை. அதைக் கூறு போடும் முறைதான் மாறியது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நாலு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆக, ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. ஒரு பற்றுச்சீட்டைக் கூட்ட வேண்டுமானால் தம்பிடியைப் பன்னிரண்டால் வகுத்து அணாவாக்கி, அணாவைப் பதினாறால் வகுத்து ரூபாயாக்க வேண்டும். வட்டிக் கணக்கென்றால் இன்னும் பாடு.

ஆனாலும் பழைய முறையை மட்டமாக எண்ண எனக்கு மனம் வராது. பதினாறைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகலாம்: எட்டணா, நாலணா, இரண்டணா, ஓரணா. மிச்சம் விழாது. மூன்று பேர் ஒரு ரூபாயைப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி, கணக்கு நேராகும். நூறு பைசாவை மூன்றாகப் பங்கிட்டால் ஒரு பைசா மிஞ்சும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று எண்சுவடியில் பழகிய கைக்கு அணாதான் இயல்பான காசு.

1955இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி ரூபாயை நூறு பைசாவாக்கினார்கள். பழைய பைசாவோடு குழம்பாதிருக்க 'நயா பைசா' என்று பெயர். 1964 ஜூனில் 'நயா' உதிர்ந்தது. நாலணா 25, எட்டணா 50 என்பதில் தகராறில்லை. ஓரணாதான் இடித்தது: அது ஆறேகால் பைசா. அரைப் பைசாவோ அதற்குக் குறைவோ வந்தால் தள்ளிவிடு, மிஞ்சினால் முழுப் பைசாவாக்கு என்பது விதி. அதன்படி ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19. ஓரணாப் பண்டத்தை நாலு தடவை வாங்கினால் 24 பைசா. சேர்த்து வாங்கினால் 25. கடைக்காரர் நட்டத்துக்கு அஞ்சி ஏழு பைசா என்று விலை வைத்தால், நாலு தடவைக்கு 28. ஓரணா, இரண்டணாவாகச் சாமான் வாங்குகிற ஏழை வீட்டில்தான் அந்தப் பின்னம் வலிக்கும். கணக்கை எளிதாக்கிய சீர்திருத்தத்தின் சுமை அவர்கள் பக்கம் சாய்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதிய காசுகளில் ஒரு பைசா வட்டமான வெண்கலம், ஐந்து சதுரம், இரண்டும் பத்தும் விளிம்பு நெளிந்தவை. எழுத்தறியாதவரும் விரலால் தடவியே பிரித்தறியலாம். பழைய காசுகளும் சில காலம் கூடவே புழங்கின.

1958 அக்டோபரில் எடைகளும் தசம முறைக்கு மாறத் தொடங்கின. சேர், வீசை, பலத்தின் இடத்துக்குக் கிலோ வந்தது. காசின் மாற்றம் முழுப் பயனைத் தந்தது அப்போதுதான். கிலோ ஒரு ரூபாய் அறுபது பைசா என்றால் நூறு கிராம் பதினாறு பைசா. தாளும் பென்சிலும் வேண்டாம்.