புரோக்கன் நிழலுரு

புரோக்கன் நிழலுரு என்பது, பார்ப்பவரின் முதுகுப்புறம் சூரியனும் எதிரே மூடுபனி அல்லது முகிலும் இருக்கும்போது, அவருடைய நிழல் அம்முகிலின் மீது பேருருவாக விழுவது போலத் தோன்றும் ஒளியியல் நிகழ்வு ஆகும். நிழலின் தலையைச் சுற்றிப் பெரும்பாலும் வண்ண ஒளிவளையங்கள் காணப்படும். தமிழ்நாட்டில் இந்நிகழ்வுக்குப் பெயர் பெற்ற இடம் பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் ஆகும். அண்மைக் காலத்தில் கைப்பேசியில் எடுக்கப்படும் குறு நிகழ்படங்கள் மூலமாகவே பலர் இதை முதன்முதலில் அறிகின்றனர்.

பெயர்

ஜெர்மனியின் ஆர்ட்சு மலைத்தொடரில் உள்ள 1141 மீட்டர் உயரமான புரோக்கன் சிகரத்தின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. யோகான் சில்பர்சிலாக் என்பவர் 1780 இல் இதை விவரித்தார். ஜெர்மன் மொழிப் பெயரின் நேர்ப்பொருள் "புரோக்கன் பேய்" என்பதாகும். பனிமூட்டத்தில் தனியாக நடப்பவர் முன் திடீரெனத் தோன்றி, அவருடன் சேர்ந்தே கையசைக்கும் உருவத்துக்கு இப்பெயர் வந்ததில் வியப்பில்லை.

தோன்றும் விதம்

சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலேயே நிழல் விழும். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 30 பாகை உயரத்தில் இருந்தால், தலையின் நிழல் கிடைமட்டத்துக்குக் கீழே 30 பாகையில் அமையும். சமவெளியில் அத்திசையில் தரைதான் இருக்கும். செங்குத்தான மலைச்சரிவின் மேல் நிற்பவருக்கோ அத்திசையில் பள்ளத்தாக்கை நிரப்பிய முகில் இருக்கும்.

நிழல் உண்மையில் பெரிதாவதில்லை. திரைமீது விழும் நிழல் போலன்றி, இது முகிலின் ஆழம் முழுவதும் ஊடுருவி நீள்கிறது. தொலைவை மதிப்பிட மூடுபனிக்குள் வேறு அடையாளம் எதுவும் இல்லாததால், அருகில் உள்ள நிழலைத் தொலைவில் உள்ள மலைகளோடு ஒப்பிட்டு அதைப் பேருருவாகக் கண் கொள்கிறது. முகில் நகரும்போது, பார்ப்பவர் அசையாமல் நின்றாலும் நிழல் அசைவதாகத் தோன்றும்.

சூரியன் ஒரு புள்ளியன்று. அதன் கோண விட்டம் சுமார் அரைப் பாகை. ஆகவே எந்தப் பொருளின் முழுநிழலும் அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு தொலைவில் முடிந்துவிடும். அரை மீட்டர் அகலமுள்ள மனித உடலுக்கு இத்தொலைவு சுமார் 54 மீட்டர். முகில் அதைவிட மிகத் தள்ளியிருந்தால் நிழல் மங்கி மறைய, வண்ண வளையம் மட்டும் எஞ்சும். மிக உயரத்தில் பறக்கும் விமானத்தின் சன்னலிலிருந்து நிழல் இல்லாத வளையம் தெரிவதும் இதனாலேயே.

ஒளிவளையம்

இவ்வளையம் வானவில் அன்று. வானவில்லின் ஆரம் சுமார் 42 பாகை. இவ்வளையத்தின் விட்டமோ பொதுவாக 5 முதல் 20 பாகை வரையே. நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும் என்பதைக் கொண்டு இதை மதிப்பிடலாம். சூரியனையோ நிலவையோ சுற்றித் தோன்றும் பரிவேடமும் வேறானது. அது பனிப்படிகங்களில் ஏற்படும் ஒளிவிலகலால் உண்டாவது.

முகில் துளிகளின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிலானது. துளியின் விளிம்பைத் தொட்டு நுழையும் கதிர் உள்ளே ஒருமுறை எதிரொளித்து வெளியேறினால் சுமார் 166 பாகை மட்டுமே திரும்பும். வந்த வழியே மீள இன்னும் 14 பாகை தேவை. இந்தக் குறையை, துளியின் பரப்பை ஒட்டிச் சிறிது தொலைவு செல்லும் அலைகள் நிரப்புகின்றன என்று நெதர்லாந்து வானியலாளர் வான் டி உல்ஸ்ட் 1947 இல் விளக்கினார். பிரேசில் இயற்பியலாளர் நுசென்சுவைக் இவ்விளக்கத்தைப் பின்னர் விரிவாக்கினார். துளிகள் சிறியனவாக இருந்தால் வளையம் பெரிதாகும். ஒரே அளவினவாக இருந்தால் நிறங்கள் தெளிவாகப் பிரியும்.

ஒருவருக்கு ஒரு வளையம்

1730-களில் புவியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குச் சென்ற பிரெஞ்சு அறிவியலாளர் பியர் பூகே, தம் குழுவினருடன் இக்காட்சியைக் கண்டார். ஒவ்வொருவரும் தம் நிழலின் தலையில் மட்டுமே வளையத்தைக் கண்டனர். அருகில் நின்றவரின் நிழலில் அது இல்லை. வளையத்தின் மையம் எப்போதும் பார்க்கும் கண்ணின் நிழல் விழும் இடமே என்பதுதான் காரணம். தன்னை மட்டும் ஒளி சூழ்ந்திருப்பதாக ஒருவர் எண்ணிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? உடன் வந்தவரும் தம்மைப் பற்றி அதையே எண்ணியிருப்பார்.

கொடைக்கானலும் வட்டக்கானலும்

கொடைக்கானலில் 1872 இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் என்னும் சுமார் ஒரு கிலோமீட்டர் நீள நடைபாதை இக்காட்சிக்குப் புகழ்பெற்றது. நகரை அடுத்த வட்டக்கானல் சிற்றூரிலிருந்து சோலைக்காட்டின் வழியே டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையிலும் இதற்கேற்ற நில அமைப்பு உள்ளது. சமவெளியின் ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து முகிலாகிப் பள்ளத்தாக்கை நிரப்பும். அவ்வேளையில் மலைவிளிம்பில் வெயில் இருந்தால் நிழலுரு தோன்றலாம். கிழக்கு நோக்கிய சரிவில் பிற்பகலிலும் மேற்கு நோக்கிய சரிவில் காலையிலும் வாய்ப்பு மிகுதி. நண்பகலில் நிழல் காலடியிலேயே விழுந்துவிடும்.

வளையத்தின் கோண அளவு துளிகளின் அளவைப் பொறுத்தது. முகில் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்ததன்று. எனவே கம்பித் தடுப்புள்ள பாதையில் நிற்பவருக்கும், பனியில் நனைந்த பாறையின் நுனி வரை செல்பவருக்கும் ஒரே முகிலில் ஒரே அளவு வளையமே தெரியும். நல்ல படம் வேண்டி விளிம்புக்குச் செல்வதால் கிடைப்பது ஏதுமில்லை.

குறு நிகழ்படங்களில்

ஒளிப்படத்தைவிட நிகழ்படம் இந்நிகழ்வை நன்கு விளக்குகிறது. கைப்பேசியை மார்புக்கு நேரே பிடித்து எடுத்தால், வளையத்தின் மையம் தலையில் இராது. கைப்பேசியின் நிழலில் இருக்கும். கையை உயர்த்தினால் மையமும் உயரும். ஆளில்லா வானூர்தியிலிருந்து எடுத்தால் அவ்வூர்தியின் நிழலே மையமாகும்.

இதைக் கொண்டு போலிப் படங்களை இனங்காணலாம். இருவர் நிழல்களில் தனித்தனி வளையம் இருந்தாலோ, படம் எடுப்பவர் நின்றிருக்க வேறொருவரின் நிழலோடு வளையம் நகர்ந்தாலோ அப்படம் திருத்தப்பட்டது. நிழல்கள் மிக நெருங்கியிருக்கும்போது ஒரே பெரிய வளையம் இரு தலைகளையும் உள்ளடக்கலாம், அது போலியன்று. "வட்ட வானவில்" என்று தலைப்பிடப்படும் நிகழ்படங்கள் பலவற்றில் இருப்பது இவ்வளையமே.

முகிலறை

இசுக்காட்லாந்து இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், 1894 செப்டம்பரில் பென் நெவிசு மலையுச்சி வானிலை நிலையத்தில் பணியாற்றியபோது இத்தகைய வளையங்களைக் கண்டார். அவற்றை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்று செயற்கை முகில்களை உருவாக்கினார். அம்முயற்சி, மின்னூட்டத் துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறையாக வளர்ந்தது. அதற்காக 1927 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சமவெளியில்

மலை ஏறாதவர்கள் இதன் எளிய உறவு ஒன்றைக் காணலாம். காலை வெயிலில், பனித்துளி படிந்த நெல்வயல் அல்லது புல்தரையின் மீது விழும் தம் நிழலின் தலையைச் சுற்றி நிறமற்ற வெண்ணொளி தெரியும். அங்கு ஒவ்வொரு பனித்துளியும் வில்லை போல ஒளியை இலையின் மீது குவித்து, வந்த திசையிலேயே திருப்பி அனுப்புகிறது. அருகில் நிற்பவரின் தலை நிழலில் அவ்வொளி தெரியாது.