மலைநாட்டு மனை பேணல்: பருவம் அறிந்து செய்யும் பணிகள்

‘மனை’ என்னும் தமிழ்ச்சொல் வீட்டையும் குறிக்கும்; வீடு நிற்கும் நிலத்தையும் குறிக்கும். சமவெளியில் வாழ்வார்க்கு இவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றலாம். அங்கே வீடு பழுதுற்றால் வீட்டைத் திருத்துவர். நிலத்தைப் பற்றிப் பெரிதும் எண்ணார். மலைச்சரிவில் வாழும் நமக்கோ அப்பிரிவினை பொருந்தாது. நிலம் நின்றால்தான் வீடு நிற்கும். ஆதலின் இறம்பொடை போன்ற ஊர்களில் வீடு பேணுதல் என்பது சுவருக்கு வெள்ளையடிப்பதில் தொடங்குவதன்று. வீட்டின் பின்புறத்து மண்ணிலும் அதன்வழி ஓடும் நீரிலும் தொடங்குவதாகும். இவ்வுண்மையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடு பேணும் வழக்கம் நம் மக்களிடையே போதிய அளவு வளராமைக்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டங்கள் தோன்றியபோது எழுந்த லயன்கள், அவற்றில் வாழ்ந்தோர்க்கு உரியன அல்ல. ஒரு காம்பரா, அதன்முன் ஓர் இஸ்தோப்பு. அவ்வளவே ஒரு குடும்பத்தின் உலகம். தகரம் ஒழுகினால் தோட்டக் காரியாலயத்துக்கு முறையிடுவர். ஆணி அடிப்பார் வரும்வரை பாத்திரம் வைத்து நீரை ஏந்துவர். தமக்கு உரிமையில்லாத கூரையைத் தாமே செப்பனிட எவர் மனம் இசையும்? இது மக்களின் சோம்பலன்று. உரிமையின்மை விளைத்த வழக்கம்.

அந்நிலை இப்பொழுது சிறிது சிறிதாக மாறி வருகின்றது. ஏழு பேர்ச்சஸ் நிலமும் உறுதிப்பத்திரமும் பெற்றுத் தனிவீடு அமைத்துக்கொண்ட குடும்பங்கள் தோன்றியுள்ளன. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் மலையகத்துக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன; 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அவர்கள் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயன்களிலேயே இன்னும் வாழ்வோரும் பலர். அவர்களும் தத்தம் காம்பராவை இயன்றவாறு திருத்தியும் பெருப்பித்தும் வருகின்றனர். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உழைக்கும் நம் பழைய மாணவர் பலர், ஊரிலுள்ள பெற்றோரின் வீட்டைப் புதுக்குவதற்குப் பணம் அனுப்புகின்றனர். உரிமை வருங்கால் பொறுப்பும் உடன் வரும். அப்பணம் எதற்கு முதலிற் செல்லவேண்டும் என்பதே நாம் சிந்திக்கற்பாலது.

மழையின் ஆண்டுக் கணக்கு

வேலைக்குக் காலம் குறிக்க வேண்டுமாயின் மழையின் போக்கை முதலில் அறிதல் வேண்டும். இலங்கையின் ஆண்டினை வானிலையாளர் நான்கு பருவங்களாகப் பகுப்பர். மார்ச்சு, ஏப்பிரல் மாதங்கள் முதலாம் இடைப்பருவம்; இக்காலத்துப் பிற்பகலில் இடியும் மின்னலும் கூடிய மழை பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். யாழ்ப்பாணத்தார் சோளகம் என அழைக்கும் காற்று வீசும் காலம் இது. இறம்பொடை மலையகத்தின் மேற்குச் சரிவில் அமைந்திருத்தலின் அக்காற்றையும் அது கொணரும் மழையையும் நேரே ஏற்கின்றது. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் இறம்பொடை அருவி அக்காலத்திற் பெருகி நிற்றலே இதற்குச் சான்று. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாம் இடைப்பருவம். வங்கக் கடலில் எழும் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் இக்காலத்திலே பெருமழையைக் கொணர்வதுண்டு. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். இது கிழக்குச் சரிவுகளையே மிகுதியாக நனைக்கும். நம் பக்கத்தில் தை நடுவிலிருந்து பங்குனி முற்பகுதி வரை பெரும்பாலும் ஈரம் குறைந்து வெயில் காணப்படும்.

இவ்வரிசையிலிருந்து பணிகளின் அட்டவணை தானே பிறக்கின்றது. கூரை மாற்றுதல், சாந்து பூசுதல், வெள்ளையடித்தல் ஆகியவை தை, மாசி மாதங்களுக்கு உரியன. கான் துப்புரவு செய்தலும், வீட்டின்மேற் சாயக்கூடிய மரக்கிளைகளைத் தறித்தலும் சித்திரை முடிவதற்குள் நிறைவேற வேண்டும். புரட்டாதியில் கானையும் கூரையையும் இரண்டாம் முறை பார்வையிடல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதுவேலை தொடங்குதல் ஆகாது. அது காவல் காக்கும் காலம்.

முதலிடம் கானுக்கே

தோட்டத்திலே கான் வெட்டுதல் எத்துணை இன்றியமையாத தொழில் என்பதை நம் ஊரிற் சிறுவரும் அறிவர். மேலிருந்து வரும் நீரைத் தேயிலை நிரைகளுக்கூடே பாயவிடாது, குறுக்கே தடுத்து, மெல்ல ஒரு பக்கமாக நடத்தி ஓடையிற் சேர்ப்பதே கானின் பயன். தேயிலைச் செடியின் வேருக்கு அளிக்கும் அப்பாதுகாப்பை வீட்டின் அத்திவாரத்துக்கும் அளிக்க வேண்டாவோ?

நீர் மண்ணுக்குள் இறங்குமாயின் இரு தீங்குகள் விளையும். ஒன்று, மண்ணின் பாரம் கூடும். மற்றொன்று, மண் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து அவற்றை ஒன்றினின்று ஒன்று விலக்க, அவை தம்முட் பற்றிநிற்கும் வலிமை குன்றும். பாரம் கூடிப் பிடிப்புக் குறைந்த சரிவு கீழ்நோக்கி நகர்தல் இயற்கை. ஆதலின் வீட்டின் மேற்புறத்தே நீரைத் திருப்பும் கான் ஒன்றும், சுவரை ஒட்டிக் கூரைநீரை ஏற்கும் கான் ஒன்றும் இருத்தல் வேண்டும். வெறும் மண்கானில் நீர் ஊறி இறங்குமாதலால், வீட்டுக்கு அணித்தான பகுதியையேனும் கல்லும் சீமெந்தும் இட்டு அமைத்தல் நலம். கானின் முடிவு அயலவர் முற்றத்திலோ கற்கட்டின் தலையிலோ அமையலாகாது. ஓடைவரை சென்று சேர்தல் வேண்டும்.

கூரைநீரின் அளவைப் பலர் உணர்வதில்லை. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீராகும். 550 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 51 சதுர மீற்றர். ஒருநாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்யின், அவ்வொரு கூரையிலிருந்து மாத்திரம் 5,100 லீற்றர் நீர் இறங்கும். பீலியின்றி இந்நீர் முழுதும் சுவரின் அடியிலே கொட்டுமாயின் அத்திவாரம் என்னாகும் என எண்ணிப் பார்க்க. பீலி அமைத்து ஒரு பகுதியைத் தொட்டியிற் சேர்த்தால் வெயிற்காலத்துக்கும் உதவும். தண்ணீர்க் குழாயில் உள்ள சிறு ஒழுக்கும், மலசலகூடக் குழியிலிருந்து மண்ணில் இறங்கும் நீரும் இரவுபகலாகச் சரிவை நனைப்பன. அவற்றையும் கவனித்தல் வேண்டும்.

கூரையும் சுவரும்

தகரக்கூரை பெரும்பாலும் ஆணித் துளையிலேயே முதலிற் பழுதுறும். நெளிதகட்டின் மேட்டிலேயே ஆணி அடித்தல் வேண்டும். பள்ளத்தில் அடித்தால் நீர் அவ்வழியே இறங்கும். ஆணியின் தலைக்கீழ் இறப்பர் வளையம் இடுதல் தவறலாகாது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பக்கவிளிம்பு, பருவக்காற்று வீசும் திசைக்கு எதிராகத் திறந்திருத்தல் கூடாது. திறந்திருப்பின் காற்று நீரை உள்ளே செலுத்துவதோடு தகட்டையும் பெயர்க்கும். காற்றைத் தடுக்கக் கூரைமேற் கல்லேற்றும் வழக்கம் இன்னும் காணப்படுகின்றது. அக்கல் பெருங்காற்றில் உருளுமாயின் கீழிருப்பார்க்கே தீங்கு. தகட்டைச் சட்டத்தோடு இறுகப் பிணித்தலே தக்க வழி.

அஸ்பெஸ்டஸ் கூரையுடையோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அதன் தூள் சுவாசப்பையிற் சென்று தங்கிப் புற்றுநோய்க்கும் காரணமாகும். ஆகவே பாசி போக்குவதற்காக அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டுதலும், அரத்தால் அறுத்தலும், உடைத்தலும் ஆகா. தவிர்க்க முடியாதவிடத்து நன்கு நனைத்து, மூக்கையும் வாயையும் காக்கும் முகமூடி அணிந்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தியே அப்பணியைச் செய்க.

பழைய லயன்களின் சுவர் பலவும் கருங்கல்லும் களிமண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. இத்தகைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சிப் பின் காற்றிலே விடும் இயல்பினது. இதன்மேற் சீமெந்தைத் தடிப்பாகப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பூச்சையும் பெயர்த்துச் சுவரையும் நலிவிக்கும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையுமே அதற்கு ஏற்றன. புதிய சீமெந்துக் கல் வீடாயின் சீமெந்துப் பூச்சுப் பொருந்தும். பூசியபின் ஏழு நாளேனும் அதனை ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். மலைக்குளிரிற் சீமெந்து மெதுவாகவே வலுப்பெறும் என்பதை மேசன்மாரும் நினைவிற் கொள்க.

பெருப்பிக்குமுன் எண்ணுக

குடும்பம் பெருகுகின்றது, குசினி ஒன்று தனியே வேண்டியிருக்கின்றது, மகளுக்குப் படிக்க ஓர் அறை வேண்டும். இவை நியாயமான ஆசைகள். முன்புறத்திலே பாதை, பக்கத்திலே அயல்வீடு. எனவே பின்புறத்து மண்திட்டியை நேர்குத்தாக வெட்டி இடம் எடுக்கின்றனர். மலைநாட்டு வீட்டுத் திருத்தங்களில் இதனினும் ஆபத்தானது பிறிதில்லை. சரிவின் அடிப்பகுதியே மேற்பகுதியைத் தாங்கி நிற்பது. அடியை அகழ்ந்துவிட்டு மேலே உள்ளது நிற்கும் என நம்புதல் எங்ஙனம் பொருந்தும்?

இடம் வேண்டுமாயின், அத்திவாரம் தாங்குமா என அறிந்தோர் மூலம் ஆராய்ந்து மாடி அமைக்கலாம். அன்றி உள்ளறைகளை மாற்றி அமைக்கலாம். வெட்டுதல் தவிர்க்க முடியாதாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே மண்வெட்டியை எடுத்தல் வேண்டும். கற்கட்டு எழுப்பும்போது அதன் பின்னே சல்லிக்கல் நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விடுதல் இன்றியமையாதது. துளையற்ற கற்கட்டு நீரைத் தேக்கும் அணையாக மாறி ஒருநாள் சரிந்துவிடும். வெறுமையான சரிவிலே ஆழ வேரூன்றும் வெட்டிவேர்ப் புல்லை மழைத்தொடக்கத்தில் நடுதல் நன்று.

லயன்களிலே வாழ்வோர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. கூரை ஒன்று, கானும் ஒன்று, குடும்பங்களோ பல. ஒருவர் தம் காம்பராவின் கூரையை மட்டும் உயர்த்தினால் இணைப்பில் இறங்கும் நீர் அடுத்த காம்பராவை நனைக்கும். ஒருவர் கானை மூடி முற்றமாக்கினால் நீர் எல்லார் வீட்டிலும் புகும். ஆகவே கான் துப்புரவு செய்தலை ஒரு பொதுநாளிலே அனைவரும் கூடிச் செய்தல் வேண்டும்.

காவற்காலம்

இவை யாவும் செய்தபின்னும் மலை தன் வலிமையைக் காட்டும் நாட்கள் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுட் புதைந்ததையும், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தில் நிகழ்த்திய பேரழிவையும் எவர் மறப்பர்? அத்தகைய சரிவைக் கானும் தடுக்காது, கற்கட்டும் தடுக்காது. அப்போது வீட்டை விட்டு வெளியேறுதலே அறிவு.

வெளியேறும் வேளையை அறிவிக்கும் அடையாளங்கள் சில உண்டு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புத் தோன்றுதல், கதவும் யன்னலும் திடீரென இறுகுதல், மரமும் கம்பமும் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், ஓடிய ஊற்று வற்றுதல் அல்லது சேறாகக் கலங்குதல் ஆகியன அவை. மழையின் அளவும் ஒரு குறியாகும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100ஐக் கடந்தால் புறப்பட ஆயத்தமாதல் வேண்டும். 150ஐக் கடந்தாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75ஐக் கடந்தாலோ ஆபத்தான இடத்தை விட்டு நீங்குதல் வேண்டும். அடையாளங்கள் தோன்றினாலோ அளவையும் எதிர்பாராது நீங்குக. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் நலம்.

மழையை அளப்பது அரிய வித்தையன்று. அடிமட்டமும் நேரான சுவரும் உடைய ஒரு தகரப் பேணியைத் திறந்த வெளியிலே நிறுத்தி, அதிற் சேரும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழையின் அளவு. நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் லயத்திலே இதனைச் செய்து, நாள்தோறும் குறித்துவைத்துப் பெரியோர்க்கு அறிவிப்பாராயின், வகுப்பிற் கற்ற பாடம் வீட்டுக்குக் காவலாகும்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு திருத்த அனுப்பும் பணத்தின் முதற்பகுதி கானுக்கும் கற்கட்டுக்கும் செல்க. இரண்டாம் பகுதி கூரைக்குச் செல்க. அடுத்தது சுவருக்குச் செல்க. மாபிள் தரையும் வண்ணப்பூச்சும் இறுதியில் வரட்டும். கானைக் காண்பார் எவரும் புகழார். பளபளக்கும் தரையையே புகழ்வர். எனினும் கார்த்திகை மாத நள்ளிரவில் அன்னையும் தந்தையும் அஞ்சாது உறங்குவது அந்தக் கானின் உதவியாலேயே. பல தலைமுறையினர் தமக்குச் சொந்தமில்லாத கூரையின்கீழ் வாழ்ந்து தேடித்தந்த உரிமை இது. அதனை மண்ணோடு சேர்த்துக் காத்துப் பின்வருவோர் கையில் ஒப்படைத்தல் நம் கடன்.