ஏறி இறங்கும் எண்

கணக்கென்றாலே கசப்பென்று கருதுவார் நம்மிற் பலர். பேரெண்களைக் கண்டாலோ அக்கசப்பு அச்சமாகவும் மாறிவிடுகின்றது. அத்தகையார்க்கு 12345678987654321 என்னும் எண்ணை அறிமுகஞ் செய்ய விரும்புகின்றேன். நூற்றிருபத்துமூன்று கோடி கோடிக்கும் மேற்பட்ட இவ்வெண்ணை மனத்திற் பதிக்க முயற்சி எதுவும் வேண்டா. ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறி, மீண்டும் ஒன்றுவரை இறங்கினாற் போதும். புத்தளத்து உப்பளங்களிலே வாரிக் குவித்த உப்பைப் போல, நடுவே சிகரமும் இருமருங்கும் ஒத்த சரிவும் உடையது இது.

அழகு கருதி யாரோ அடுக்கிவைத்த இலக்கங்கள் அல்ல இவை. 111111111 என்னும் எண்ணை அதனாலேயே பெருக்க வருவது இது. உடப்புக் கடற்கரையிலே சில மாணவர்க்கு இதனை விளக்க நேர்ந்தபோது கரும்பலகையை நான் நாடவில்லை. ஒன்பது சிப்பிகளை மணலில் வரிசையாக வைத்தோம். அதன்கீழ், ஒவ்வோர் இடம் இடப்புறமாகத் தள்ளி, மேலும் எட்டு வரிசைகள் வைத்தோம். பின்னர் மேலிருந்து கீழாக எண்ணினால், ஓரத்தில் ஒன்று, அடுத்து இரண்டு, நடுவிலே ஒன்பது! மொத்தச் சிப்பிகள் 81. எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் அதுவே.

“பத்து ஒன்றுகளை எடுத்தால் நடுவிற் பத்து வருமோ, ஐயா?” என்றாள் ஒரு மாணவி. கூரிய வினா. ஓரிடத்திற் பத்து நிற்றல் இயலாது. அங்கே பூச்சியத்தை வைத்து ஒன்றை இடப்புறம் அனுப்புகின்றோம். அங்கிருந்த ஒன்பதும் பத்தாகி, தானும் ஒன்றை அனுப்புகின்றது. அதனையடுத்த எட்டு ஒன்பதாகின்றது. விடை 1234567900987654321. சிகரம் இடிந்துவிட்டது. இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 100 ஆகாமல் 82 ஆகின்றது. பத்தை நீக்கி ஒன்றை வைக்குந்தோறும் ஒன்பது குறையும். இருமுறை நிகழ்ந்தமையாற் பதினெட்டுக் குறைந்தது.

இத்தகைய எண்களை ஆராய்ந்து ‘தெம்லோ எண்கள்’ எனப் பெயரிட்டவர் த. ரா. கப்ரேகர். பம்பாய்க்கு அண்மையிலுள்ள ஒரு புகையிரத நிலையத்துக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. அங்குதான் இச்சிந்தனை அவருக்கு உதித்ததாம். 1905இல் தகானு என்னும் கடற்கரையூரிற் பிறந்த அவர், தேவ்லாலியிலே பாடசாலை ஆசிரியராக 1962வரை கடமையாற்றினார். கணித அறிஞர் பலர் அவரது முயற்சியை வெறும் விளையாட்டென ஒதுக்கினர். 1975இலே மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதிய பின்னரே அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று. 1986இல் அவர் மறைந்தார்.

ஒதுக்கியோர் கூற்றிலும் ஓர் உண்மை உண்டு. இவ்வழகு பத்தின் அடியாக நாம் எண்ணுவதால் விளைந்தது. பன்னிரண்டின் அடியாக எண்ணுவோர்க்குச் சிகரம் பதினொன்றில் அமையும். ஆயினும், இலக்கம் தன் இடத்தாற் பெறும் மதிப்பை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் எது? பல்கலைக்கழகப் பதவியின்றி ஒரு சிற்றூர் ஆசிரியர் அதனைக் கண்டார். நம் கரையோரப் பாடசாலைகளில் நூல்கள் குறைவாயிருக்கலாம். சிப்பிக்கும் வினாவுக்கும் குறைவில்லை. பிள்ளைகளின் வினாவை விளையாட்டென்று ஒதுக்காதிருத்தலே ஆசிரியராகிய நம் கடன்.