வீட்டுத் தையலுக்கேற்ற துணி: சிக்கனமும் நீடித்த உழைப்பும்

புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பட்டு, மயிர், பருத்தி நூல் ஆகிய மூன்றினாலும் ஆடை நெய்யும் காருகர் வாழ்ந்தனரென்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. பூம்புகாரைச் சூழ்ந்த காவிரிப் பாசனப் பிரதேசத்தில் இன்றும் நெல் அறுவடையான வயல்களில் தை, மாசி மாதங்களில் பருத்தி விதைக்கும் குடியானவர்கள் பலருளர். எனினும் அப்பஞ்சு வெளியூர் ஆலைகளுக்குச் சென்றுவிடுகின்றது. பஞ்சை விற்ற குடும்பமே பின்னர் பாலியெஸ்டர் கலந்த துணியை விலை கொடுத்து வாங்குகின்றது. வீட்டிலேயே தையல் செய்யும் பெண்மணிகள் துணியைத் தேர்ந்து வாங்கக் கற்றால், இச்செலவில் கணிசமான பகுதி மிச்சமாகும்.

எது மலிவு?

விலை குறைந்த துணியெல்லாம் மலிவான துணியன்று. மீட்டர் 80 ரூபாய்த் துணி ஓராண்டும், 120 ரூபாய்த் துணி இரண்டாண்டும் உழைப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னதற்கு ஆண்டுச் செலவு 60 ரூபாயே. தைக்கும் உழைப்பும் ஒரு முறையோடு நிற்கும். பாலியெஸ்டர் எளிதில் கிழியாதென்பது உண்மையே. ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. கடற்கரைப் புழுக்கத்தில் வயல்வேலை செய்வோர்க்கும் குழந்தைகளுக்கும் பருத்தியே ஏற்றது. மேலும், பருத்தி மண்ணில் மக்கும். பாலியெஸ்டர் நெடுங்காலம் மக்காது கிடக்கும்.

பரீக்ஷிக்கும் முறை

1. ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்துக. பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

2. துணியைக் கசக்குக. மாவு உதிர்ந்தால், கஞ்சியே கனத்தைக் காட்டுகின்றது என்று அறிக. வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாவும் ஊடையும் நெருக்கமாயுள்ளனவா என்று பார்க்க.

3. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா என்று காண்க.

4. நூலின் நம்பரைக் கேட்டறிக. 840 கஜமுள்ள சிட்டங்கள் ஒரு ராத்தலுக்கு எத்தனை நிற்குமோ அதுவே நம்பராகும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். உழைப்பு ஆடைக்கு மிக மெல்லிய நூல் வேண்டுவதில்லை.

வாங்கிய பருத்தித் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, உலர்த்திய பின்னரே வெட்டவேண்டும். இல்லையேல் தைத்த சட்டை முதல் சலவையிலேயே சுருங்கும்.

கூட்டாக வாங்குதல்

1935-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தோன்றிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குகின்றது. இது பண்டிகைக் காலங்களில் தள்ளுபடி அளிப்பதுண்டு. 2006-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, கைத்தறித் துணியை விசைத்தறித் துணியினின்று பிரித்தறிய உதவும்.

பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு முழுத் தான் காடாத் துணியை நெசவாளர் சங்கத்தில் நேராக வாங்கினால் இடைத்தரகர் லாபம் மிஞ்சும். பல சட்டைகளை ஒன்றாக வைத்து வெட்டும்போது, கைத்துண்டும் கழுத்துப்பட்டையும் இடுக்குகளில் அடங்குவதால் கழிவும் குறையும். முன்பணம் பெற்ற அளவிற்கே சங்கம் கொள்முதல் செய்யவேண்டும். கடனுக்கு வாங்கித் தேக்கிவைத்தலாகாது. கணக்கை அங்கத்தினர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுதல் நலம்.

பழந்துணியின் பயன்

இரண்டாம் உலக யுத்தத்திலும் அதன் பின்னருமாக, 1941 முதல் 1949 வரை, இங்கிலாந்தில் துணிக்குப் பங்கீடு இருந்தது. பழையதைப் பழுதுபார்த்து அணியுமாறு அரசாங்கமே 1943-இல் குடும்பங்களுக்குப் போதித்தது. இந்தியாவிலும் அவ்வாண்டிலேயே துணிக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. பஞ்சகாலத்திற் கற்ற அப்பழக்கம் நல்ல காலத்திற்கும் உரியதே. பருத்திச் சேலை பெரும்பாலும் இடுப்பிலும் கீழ்க்கரையிலுமே நைகின்றது. முந்தானைப் பகுதி உறுதியாயிருப்பின் அதில் குழந்தைக்குச் சட்டையோ பாவாடையோ தைக்கலாம். நைந்த வேட்டி பச்சைக் குழந்தைக்கு மிருதுவான விரிப்பாகும்.

சங்கத்திற்கு ஒரு தையல் யந்திரமும், வெட்டும் முறை அறிந்த ஓர் அங்கத்தினரும் இருந்தால் இவ்வேலையைத் தொடங்கலாம். அடுத்த பண்டிகைக்கு முன்னரே ஒவ்வொரு குடும்பத்தின் துணித் தேவையையும் எழுதிக் கணக்கிடுவது முதற்படியாகும்.