பனியில் வாழும் அல்காக்கள்: 'இசைவாக்கம்' என்னும் கருத்துப் பற்றிய ஒரு நோக்கு

உயிரினமொன்று தன் சூழலுக்கேற்ப அமைந்துகொள்ளுதலை நமது பாடநூல்கள் 'இசைவாக்கம்' என்னுஞ் சொல்லாற் குறிப்பிடுகின்றன. இசைதல் என்பதற்கு உடன்படுதல், இணங்குதல் என்னும் பொருள்கள் உண்டு. சூழல் கட்டளையிட உயிரி பணிகின்றது என்ற எண்ணம் அச்சொல்லின் வழியாகவே நம்முள் நுழைந்துவிடுகின்றது. சொற்களோடு தொழில் புரிவோருக்கு இது அற்ப விடயமன்று. அவ்வெண்ணம் எத்துணை பொருந்துமென்பதைக் கடுங்குளிரில் வாழும் அல்காக்களைக் கொண்டு ஆராயலாம்.

1818ஆம் ஆண்டிலே வடமேல் கடல்வழியைத் தேடிச் சென்ற ஜோன் றொஸ், கிறீன்லாந்தின் வடமேற்குக் கரையிலே, யோக் முனைக்கருகில், செந்நிறப் பனி படிந்த பாறைச் சரிவுகளைக் கண்டார். விண்கல்லிலிருந்து வந்த இரும்பே நிறத்துக்குக் காரணம் என லண்டன் பத்திரிகையொன்று எழுதிற்று. பிரான்சிஸ் பவர் அதனைப் பங்கசு என்றார். அல்காவாகலாம் எனக் கருதிய தாவரவியலாளர் றொபேட் பிறவுணின் ஊகமே பின்னர் மெய்யாயிற்று. நெடுங்காலம் கிளமிடோமோனசு நிவாலிசு எனப்பட்ட அவ்வகைச் செம்பனி அல்காக்கள் சில, 2019இல் சங்குயினா என்னும் புதிய சாதியுள் வைக்கப்பட்டன.

குளிர் உயிர்க்கலத்தை எவ்வாறு தாக்குகின்றது? கலமென்சவ்வின் கொழுப்புகள் இறுகுகின்றன. உறைந்த நெய்யினூடே எதுவும் இலகுவிற் செல்லாதவாறு, பொருட்களின் போக்குவரத்துத் தடைப்படுகின்றது. நொதியங்களின் வேகம் குன்றுகின்றது. கலத்துள் நீர் உறையுமாயின் பளிங்குகள் மென்சவ்வைக் கிழித்துவிடும். குளிர்வாழ் அல்காக்களின் மென்சவ்விலே நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுந்துள்ளன. இவற்றின் வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட மாட்டாவாதலின் மென்சவ்வு நெகிழ்வுடன் இருக்கின்றது. நொதியங்களின் கட்டமைப்பும் தளர்வானது. கடற்பனியில் வாழும் டயற்றங்கள், பனிப்பளிங்கின் மேற்பரப்பிற் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களை வெளிவிடுகின்றன. இவற்றுக்கான பரம்பரையலகுகள் பற்றீரியா போன்ற வேற்றுயிர்களிலிருந்து பெறப்பட்டவை என்றே கருதப்படுகின்றது.

ஆயினும் பனி அல்காவின் பெரும் பகை குளிர் மட்டுமன்று. ஒளியும் பகையாகின்றது. பச்சையம் ஒளியை உறிஞ்சுதல் வெப்பநிலையைச் சார்ந்ததன்று. உறிஞ்சப்பட்ட சக்தியைப் பயன்படுத்தும் நொதியத் தொழிற்பாடுகளோ குளிரில் மந்தமாகின்றன. வரவு குறையாது செலவு முடங்கிய நிலை இது. மிகைச் சக்தி தீங்கான ஒட்சிசன் வடிவங்களைத் தோற்றுவித்து ஒளித்தொகுப்புக்குரிய அமைப்பையே சிதைக்கும். கோடையின் தொடக்கத்தில் உருகுநீரிற் பசுமையாய் நீந்தித் திரியும் கலங்கள், பின்னர் தடித்த சுவர் பெற்று, அஸ்ற்றாசாந்தின் என்னும் செந்நிறப் பொருளை எண்ணெய்த் துளிகளில் நிரப்பிக்கொள்கின்றன. பச்சையவுருமணிக்கு வெளியே திரையெனப் பரந்து நிற்கும் இச்செம்மை ஒளியைத் தடுக்கின்றது.

தடுக்கப்பட்ட ஒளி எங்கே போகின்றது என்ற வினாவே இசைவாக்கக் கருத்தின் போதாமையைக் காட்டுகின்றது. அது வெப்பமாகிப் பனியை உருக்குகின்றது. பனியாக இருக்கும்வரை நீர் அல்காவுக்குப் பயன்படாது. உருகினாலன்றி அது வளராது. தற்காப்புக்கெனத் தோன்றிய நிறம் நீரைத் தேடித்தரும் கருவியாகவும் ஆகிவிடுகின்றது. செவ்வல்காக்கள் ஓர் உருகற் பருவத்திலே பனியின் ஒளிதெறிப்புத் திறனை 13 சதவீதம் குறைக்கக்கூடும் என, ஆர்க்டிக் பகுதி பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கிறீன்லாந்தின் வெறும் பனிக்கட்டிப் பரப்பிலே வாழும் அன்சிலொனீமாவின் கதையும் இத்தகையதே. 1870இல் நோடென்ஷெல்டுடன் அங்கு சென்ற பெர்கிறென் இதனை விவரித்தார். கருமை படர்ந்த பரப்பு விரைவில் உருகும் என்பதை நோடென்ஷெல்ட் அப்போதே உணர்ந்திருந்தார். அவ்வுணர்வு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தமை வியப்புக்குரியது.

உயிரி சூழலின் விளைபொருள் மாத்திரமன்று, அச்சூழலை ஆக்குவதிலும் பங்குகொள்வது என்பதை றிச்சட் லெவின்சும் றிச்சட் லெவொன்ரினும் 1985இல் வெளியிட்ட 'இயங்கியல் உயிரியலாளன்' எனப் பொருள்படும் நூலில் வற்புறுத்தினர். அவர்களது வாதத்துக்குப் பனி அல்காவினுஞ் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. எனினும் இதனை உயிரியின் வெற்றியெனப் பாடுவதும் தவறே. தான் வாழும் நிலத்தையே அது உருக்குகின்றது. புவி வெப்பமடையும் இக்காலத்தில், கரிப்புகையாலும் வளிமண்டல வெப்பத்தாலும் ஏற்கெனவே விரைவுற்ற உருகலை அது மேலும் விரைவுபடுத்துகின்றது. குற்றவாளி அல்காவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குளிருக்கென அமைந்த உடலுக்கு மீள்வழி குறுகியது. அந்தாட்டிக்காவின் பொனி ஏரியிலே, ஆண்டு முழுவதும் நீங்காத பனிக்கட்டியின் கீழிருந்து பெறப்பட்ட ஒரு கிளமிடோமோனசு 18 பாகை செல்சியசுக்கு மேல் வளர மாட்டாது. நமக்கு இதமான 24 பாகையில் அது மடிகின்றது. குளிரிலே தொழிற்பட உதவிய நொதியத்தின் தளர்ச்சியே சிறு வெப்பத்திலும் அது குலைவதற்கு ஏதுவாகின்றது. கடற்பனி அல்காக்களுக்கோ பனியே வீடு. உப்புச்செறிந்த நீர் தங்கிய நுண்கால்வாய்களிலும் பனியின் அடிப்புறத்திலும் அவை வளர்கின்றன. அந்தாட்டிக்காவின் குளிர்காலக் கடற்பனிப் பரப்பு, 1979இல் செய்மதிவழித் தொடர் பதிவுகள் தொடங்கியபின் 2023இலேயே மிகக் குறைந்ததாகப் பதிவாயிற்று. அப்பனியின் அடியிலுள்ள அல்காவைச் சுரண்டித் தின்றே கிறில் எனப்படும் இறாலையொத்த சிற்றுயிரின் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கடக்கின்றன. பென்குவின்களும் சீல்களும் திமிங்கிலங்களும் அக்கிறிலையே உண்டு வாழ்கின்றன.