‘மணாலி பக்கம்’ என்றால் எந்தப் பக்கம்?

இரவு பத்து மணிக்கு சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முன்பெல்லாம் டெல்லிக்கு வேலைக்குப் போகிறவர்களும் லீவு முடிந்து திரும்பும் ராணுவ வீரர்களும்தான் கண்ணில் படுவார்கள். இப்போது தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் ரக்சாக், பக்கவாட்டில் தொங்கும் சில்வர் டம்ளர், கணுக்காலுக்கு மேல் ஏறிய ஷூ என்று இளைஞர்கள் ஏறுகிறார்கள். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். பத்து நாள் லீவு. கூட யாரும் கிடையாது. முதல் தனிப்பயணம், அதுவும் இமயமலைக்கு.

இந்த உற்சாகத்தைப் பற்றித்தான் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதலாம், உற்சாகப்படவும் நிறைய இருக்கிறது. ஆனால் இப்படிப் போகிறவர்களோடு பேசப் பேச, எனக்குள் ஒரே கேள்விதான் மேலே வந்துகொண்டிருந்தது. “எந்தப் பாதையில் நடக்கப் போறேன்னு வீட்ல யாருக்காவது தெரியுமா தம்பி?”

“மணாலி பக்கம்னு சொல்லியிருக்கேன் சார்.”

மணாலி பக்கம் என்றால் எந்தப் பக்கம்? ஹம்ப்டா கணவாயா, பியாஸ் குண்டா, பார்வதி பள்ளத்தாக்கா? அந்தப் பார்வதி பள்ளத்தாக்கில் 1990-களிலிருந்தே தனியாகப் போன வெளிநாட்டுப் பயணிகள் பலர் காணாமல் போயிருக்கிறார்கள். சிலரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கசோலில் காபி குடித்ததைப் பார்த்தவர்கள் இருப்பார்கள், கீர்கங்காவில் வெந்நீர் ஊற்றில் பார்த்ததாக ஒருவர் சொல்வார். அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

‘127 அவர்ஸ்’ படத்தை நம்ம ஊர்க்காரரின் இசைக்காகவே பார்த்தவர்கள் உண்டு. 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிஜமாகவே நடந்த கதை. நாயகன் தன் கையையே அறுத்துக்கொள்ளும் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டோம். ஆனால் அந்த இளைஞர் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போவதை யாரிடமும் சொல்லாமல் கிளம்பியவர் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. பாறைக்கும் சுவருக்கும் நடுவே கை சிக்கி ஐந்து நாளுக்கு மேல் கிடந்தார். எங்கே தேடுவது என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நம் பிள்ளைகள் அதிகம் கொண்டாடுவது ‘இன்டு தி வைல்ட்’ படத்தை. அதன் நிஜ நாயகன் அலாஸ்கா காட்டில் இறந்து கிடந்த பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பியவர்களில் இருவர் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2020-இல் அந்த பஸ்ஸையே ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கி அப்புறப்படுத்தினார்கள்.

யூடியூபில் பார்க்கும் வெள்ளைக்காரர்கள் தனியாகத்தானே போகிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் தோள்பட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி தொங்கும். செல்போன் கோபுரமே இல்லாத இடத்திலும் அதன் பொத்தானை அமுக்கினால், செயற்கைக்கோள் வழியாக, இருக்கும் இடத்தோடு உதவிக் குரல் போய்விடும். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். ஆக, அவர்களுக்கு இருக்கும் அந்தக் கடைசிக் கயிறு நமக்குக் கிடையாது. செல்போனோ மலைக்குப் பின்னால் திரும்பியதும் ஊமையாகிவிடும்; குளிரில் பேட்டரியும் சட்டென்று இறங்கும். ஜம்மு காஷ்மீர், லடாக் பக்கம் நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் வேலையே செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் வேண்டும்.

நமக்கு இருப்பது ஒரு தாளும் பேனாவும்.

கோவையில் ஒரு பள்ளி ஆசிரியை. முதல் தனிப்பயணமாக உத்தராகண்டின் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தவர். பயணக் கதை கேட்கத்தான் போனேன். அவருடைய அம்மா தினசரி காலண்டரைத் தூக்கி, அதன் பின்னால் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். பயணம் முடிந்த பின்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறார். நீல மையில், வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட மாதிரி தெளிவான கையெழுத்து:

“8-ஆம் தேதி: டேராடூன் ஸ்டேஷன் பக்கத்து பஸ் ஸ்டாண்டில் காலை பஸ். மோரி, நைட்வார் வழி. இரவு சாங்க்ரி. 9: ஜீப்பில் தாலுகா, அங்கிருந்து நடை. இரவு ஓஸ்லா, ஊர்க்காரர் வீட்டில். 10: கல்கத்தியாதார், டென்ட். 11: ஹர் கி தூன் போய்விட்டு அன்றே கல்கத்தியாதார். 12: ஓஸ்லா. 13: சாங்க்ரி, போன் பண்ணுவேன். 14: மழை வந்தால் என்று கையில் வைத்திருக்கும் நாள். டென்ட் ஆரஞ்சு. மழைக்கோட்டு நீலம். 14 மாலை ஆறு மணி வரை கவலைப்படாதே. ஆறு மணிக்கு மேல் போன் வராவிட்டால் 112, அப்புறம் சாங்க்ரி லாட்ஜ் நம்பர்.”

“காலண்டர்ல தேதி கிழிக்கறப்பெல்லாம் தூக்கிப் பார்த்துக்குவேனுங்க. இன்னிக்கு இங்க இருப்பா, நாளைக்கு அங்க இருப்பான்னு. அதனாலயே நிம்மதியாத் தூங்கினேன்” என்றார் அந்த அம்மா.

அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரிக்கு முந்தைய வரி. எப்போதிலிருந்து கவலைப்பட வேண்டும் என்று சொல்வதோடு, எதுவரை கவலைப்படத் தேவையில்லை என்றும் சொல்லிவிடுகிறது. ஒரு நாள் தாமதமானாலே ஊரைக் கூட்டும் வீடுகளில் பிள்ளைகள் எதையுமே சொல்லாமல் கிளம்புவதற்கு, அந்தக் கூச்சலும் ஒரு காரணம். தேடுகிறவர்கள் பக்கமிருந்தும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து ஒரு நாள் நடைக்குள் தேடுவதை விட, மூன்று நாள் நடைக்குள் தேட வேண்டிய பரப்பு ஒன்பது மடங்கு. அதில் காடு, ஓடை, செங்குத்துச் சரிவு எல்லாம் அடக்கம். ‘இந்தப் பாதை, இந்த ராத்திரி இந்த இடம்’ என்று தெரிந்தால் அந்தப் பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும்.

சரி, தனியாகப் போனால் அப்படி என்ன ஆகிவிடும்? வழுக்கி விழுவதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்க்காதது உயரம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், தொட்டபெட்டா 2,637. உயர நோய் ஏறக்குறைய 2,500 மீட்டரில் ஆரம்பிக்கிறது. அதாவது நம் மலைகள் எங்கே முடிகின்றனவோ, கிட்டத்தட்ட அங்கேதான் இந்த நோயே தொடங்குகிறது. ஓஸ்லா கிராமமே கிட்டத்தட்ட தொட்டபெட்டா உயரம். ஹர் கி தூன் 3,566 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் ஏறி இறங்கிய நுரையீரலுக்கு இது புதுக்கணக்கு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு ராத்திரி படுக்கும் இடத்துக்கும் மறு ராத்திரி படுக்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. அந்த ஆசிரியை ஹர் கி தூனில் படுக்காமல் கல்கத்தியாதாருக்கு இறங்கிவந்தது அதனால்தான்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட வேண்டும். பயங்கரம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மூளையில் நீர் கோத்துக்கொண்டால் முதலில் கெடுவது நிதானம். நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்தவரைப் போல, தனக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லுவார். குதிகாலும் நுனிக்காலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லி, முடியவில்லை என்றால் உடனே கீழே இறக்குகிறார்கள். இறங்குவதுதான் முதல் மருந்து. ஆனால் நடக்கச் சொல்வது யார்? தனியாகப் போனவருக்குத் தன் தள்ளாட்டம் தெரியாது. கடுங்குளிரில் உடல் விறைக்கும்போதும் இதே கதைதான். முற்றிய நிலையில் சிலர் உடம்பு எரிகிறது என்று இருக்கும் சட்டையையும் கழற்றுவது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. உடம்பு ஏமாற்றும்போது இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். அது இல்லை என்றால், குறித்த நாளில் தேடி வர ஒருவராவது வேண்டும்.

ஹர் கி தூனிலிருந்து பார்த்தால் எதிரே நிற்பது ஸ்வர்காரோஹிணி. பாண்டவர்கள் சொர்க்கம் போன வழி என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்புகிறார்கள். எல்லோரும் ஒவ்வொருவராக விழுந்த பிறகு தர்மர் கூடத் தனியாகப் போகவில்லை, ஒரு நாய் துணைக்கு இருந்தது.

பைக்குள் என்ன வைப்பது என்று கேட்டால் ஊருக்கு நூறு பேர் சொல்லித் தருவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை பை பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கேஸ் டப்பாவை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகக் கூடாது, டேராடூனில் வாங்கிக்கொள்ளலாம். பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். ஒரு விசில் கட்டாயம். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலைகளில் சர்வதேச ஆபத்துச் சைகை. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

“அட்டவணை போட்டு, வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பெயர் தனிப்பயணமா? சுதந்திரமாகச் சுற்றத்தானே போகிறோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயம்தான். வழியை மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? மாற்றியதைத் தங்கிய லாட்ஜ்காரரிடமோ வழியில் இருக்கும் டீக்கடையிலோ சொல்லிவிட்டு மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி இதற்கு ஈடாகாது. நேற்று எங்கே இருந்தீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். தனியாக இருக்கும் பெண், இருக்கும் இடத்தை அப்போதைக்கப்போதே ஊருக்கெல்லாம் அறிவிப்பதும் நல்லதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நான் பேசியவர்களில் இப்படி எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கே, யாரோடு, எப்போது வருவாய் என்று நாம் குடைந்தெடுத்துப் பழக்கியது அங்கே உதவுகிறது. பையனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் அத்தனை பேரைப் பறிகொடுத்த பிறகு நம் மாநிலத்தில் மலையேற்ற விதிகள் இறுகின. இன்று தமிழ்நாட்டுக் காட்டுப் பாதைகளில் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் தனியே நடக்க முடியாது. அதனால்தான் முதல் தனிப்பயணத்துக்கு எல்லோரும் வடக்கே ரயில் ஏறுகிறார்கள். 2024 அக்டோபரில் அரசு திறந்துவிட்ட 40 பாதைகளில் ஒன்றில் முழுப் பையையும் சுமந்து, வழிகாட்டியோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். வடக்கேயும் அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் அங்குள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் யாராவது இந்த சீசனுக்கு டிக்கெட் போட்டிருந்தால், பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போகாதே என்று தடுக்காதீர்கள். தடுத்தால் சொல்லாமல் போவார்கள். ஒரு தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பாய், எந்தத் தேதி எத்தனை மணிக்கு மேல் நான் கவலைப்படலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகிறவர்களே, திரும்பி வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் போன் வீட்டுக்குத்தான். போட்டோவெல்லாம் அப்புறம் போடலாம்.